பாக்கெட்டின் பின்பக்கம்: உணவில் செயற்கை நிறமும் லேபிள் விதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் நாம் பார்த்து வாங்குவது பாக்கெட்டின் முன்பக்கத்தை. மாம்பழமும் ஸ்ட்ராபெர்ரியும் அங்கேதான் பளபளக்கின்றன. பின்பக்கத்தில், ஒட்டுப் பட்டைக்குச் சற்றுக் கீழே, எறும்பு ஊர்ந்தது போல நான்கு வரி இருக்கும். அந்த நான்கு வரியைப் பற்றி அக்கம்பக்கத்தாரும் உறவினரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேசுவது பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை. பிற நாடுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

இந்தியாவில் எந்தெந்தச் செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு?

எட்டு. சிவப்பில் மூன்று: பான்சோ 4ஆர் (124), கார்மோய்சின் (122), எரித்ரோசின் (127). மஞ்சளில் இரண்டு: டார்ட்ராசின் (102), சன்செட் யெல்லோ (110). நீலத்தில் இரண்டு: இண்டிகோ கார்மைன் (132), பிரில்லியன்ட் புளூ (133). பச்சைக்கு ஒன்றே ஒன்று: ஃபாஸ்ட் கிரீன் (143). கடையில் நாம் பார்க்கும் ஊதா, சாக்லேட் நிறங்கள் பெரும்பாலும் இவற்றின் கலவைகள்தான்.

இது அனுமதிப் பட்டியல் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயம் இதில் இல்லையென்றால் அதைத் தனியாகத் தடை செய்ய வேண்டிய அவசியமே இல்லை; உணவில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். “அதைத் தடை செய்ததாக எங்கும் போடவில்லையே” என்று வாதாடும் வியாபாரிகளுக்கு இதுவே பதில்.

லேபிளில் இதை எங்கே, எப்படிக் குறிப்பிட வேண்டும்?

இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலாவது, சேர்மானப் பட்டியல். அதில் “நிறம்” என்ற வகைப் பெயரும், கூடவே அந்த நிறத்தின் பெயரோ ஐ.என்.எஸ். எண்ணோ (சர்வதேச எண்; மேலே அடைப்புக்குறிக்குள் தந்திருப்பது) இருக்க வேண்டும். இரண்டாவது, சேர்மானப் பட்டியலுக்கு நேர் கீழே ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்துகளில் வரும் அறிவிப்பு வாசகம். “அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவு நிறம் சேர்ந்தது” என்பது அதன் பொருள். பாக்கெட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் ஒலியையும் சொல்லிவிடுகிறேன்: “கன்டெய்ன்ஸ் பெர்மிட்டட் சிந்தெட்டிக் ஃபுட் கலர்”. இயற்கை நிறம் மட்டும் என்றால் “சிந்தெட்டிக்” இருக்கும் இடத்தில் “நேச்சுரல்” வரும். இரண்டும் கலந்திருந்தால் இரண்டு சொற்களும் வரும்.

ஒரு நெளிவு உண்டு. அறிவிப்பு வாசகத்திலேயே நிறத்தின் பெயரையோ எண்ணையோ போட்டுவிட்டால், சேர்மானப் பட்டியலில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். அதனால்தான் சில பாக்கெட்டுகளில் பட்டியலை வரி வரியாகப் படித்தும் நிறம் அகப்படாது. ஒரு வரி தள்ளிக் கீழே உட்கார்ந்திருக்கும்.

என் அலமாரியில் இருக்கும் ஒரு ஜெல்லி பாக்கெட்டை இப்போது கையில் எடுக்கிறேன். முன்பக்கத்தில் நான்கு ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள், இலையோடும் பனித்துளியோடும். பின்பக்கத்தில் சர்க்கரை, கெட்டிப்படுத்தும் பொருள், அமிலச் சீராக்கி, அதன்பின் நிறம் 122. ஸ்ட்ராபெர்ரி எங்குமே இல்லை. அந்தச் சிவப்பு கார்மோய்சினின் சிவப்பு. வாசனை வேறொரு புட்டியிலிருந்து வந்தது. லேபிள் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் பேசியதைப் பின்பக்கம் மெல்லிய குரலில் மறுக்கிறது, அதுவும் சட்டப்படியே.

பெயரைப் போடாமல் எண்ணைப் போடுவது மறைப்பதற்காகவா?

நோக்கம் அதுவாக இருக்கவில்லை. ஒரே சாயத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குகிறது. பான்சோ 4ஆர் என்பதையே கொச்சினியல் ரெட் ஏ என்றும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கொச்சினியல் பூச்சியிலிருந்து எடுத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சர்வதேச எண் முறை வந்தது. ஐரோப்பாவில் இதே எண்களுக்கு முன்னால் “இ” போடுகிறார்கள்: இ102, இ110.

நோக்கம் எதுவானாலும் விளைவு வேறு. “டார்ட்ராசின்” என்று படித்தால் ஒரு நிமிடம் யோசிப்பவர் “102” என்று படித்துவிட்டுப் பேசாமல் கடந்துபோகிறார். எட்டே எண்கள்தான். பஸ் எண்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பாரமில்லை: 102, 110, 122, 124, 127, 132, 133, 143. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டாலும் போதும்.

லேபிளைத் தமிழில் போட வேண்டும் என்று சட்டம் இல்லையா?

இல்லை. மத்திய விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்; கட்டாயமில்லை. விளம்பரம் சுத்தத் தமிழில் வரும், முன்பக்கத்துப் பெயர்கூடத் தமிழில் வரும், சேர்மானப் பட்டியலுக்கு வந்தவுடன் தமிழ் மாயமாகிவிடும். எங்கள் தெருவில் பேரக்குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தருவது பெரும்பாலும் பாட்டிமார்தான். அவர்களில் பலருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. எண் தெரியும். ஆகவே எண் முறைக்கு எதிராக நான் பெரிதாகச் சண்டை போடுவதில்லை.

குழந்தைகள் வாங்கும் ஒரு ரூபாய் மிட்டாயில் எந்த விவரமும் இல்லையே. அது குற்றமில்லையா?

பெரும்பாலும் குற்றமில்லை. உறையின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் சேர்மானப் பட்டியலே தேவையில்லை என்று விதி விலக்களிக்கிறது. அந்த விவரங்கள் சில்லறைப் பொட்டலங்களை அடைத்துவரும் பெரிய பெட்டியிலோ பையிலோ இருக்க வேண்டும்.

ஒரு அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பொட்டலம், முன்னும் பின்னும் சேர்த்து 98 சதுர சென்டிமீட்டர். விலக்குக்கு உள்ளே வந்துவிட்டது. முறுக்கிச் சுற்றிய மிட்டாய்த் தாள் அதைவிடச் சிறியது. ஆக, நாக்கு நீலமாகும் மிட்டாயும், உதடு சிவக்கும் மிட்டாயும், அதாவது நிறமே சரக்காக விற்கும் பொருள்கள், சட்டப்படி வாய் திறக்க வேண்டியதில்லை. விவரம் அச்சிட்ட பெரிய பையைக் கடைக்காரர் பிரித்து, மிட்டாய்களைக் கண்ணாடி ஜாடியில் கொட்டிவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார். இந்த விதிகளில் எனக்கு மிகப் பெரிய ஓட்டையாகத் தெரிவது இதுதான். தாளில் இடமில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மூன்று இலக்க எண்ணுக்குக்கூடவா இடமில்லை?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜாடியில் இருக்கும் மிட்டாயின் மொத்தப் பையைக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். பழகிய கடையென்றால் காட்டுவார்.

எவ்வளவு நிறம் சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டா? லேபிளில் அந்த அளவு இருக்குமா?

வரம்பு உண்டு; லேபிளில் இருக்காது. உண்ணும் நிலையிலுள்ள ஒரு கிலோ உணவில் 100 மில்லிகிராம் என்பது பொதுவான உச்சவரம்பு. டப்பாவில் அடைத்த சில பழங்கள், ஜாம் போன்றவற்றுக்கு 200 வரை விட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது 10 மில்லிகிராமா 100 மில்லிகிராமா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் தீங்கில்லை என்று நிபுணர் குழுக்கள் ஒவ்வொரு சாயத்துக்கும் ஓர் அளவு குறித்திருக்கிறார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. சன்செட் யெல்லோவுக்கு 4. எரித்ரோசினுக்கு வெறும் 0.1. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சன்செட் யெல்லோ நாளுக்கு 60 மில்லிகிராம் வரை போகலாம்; முழு 100 வரம்பில் நிறம் போட்ட தின்பண்டத்தில் அது 600 கிராம். அவ்வளவு தின்ன முடியாது. அதே குழந்தைக்கு எரித்ரோசின் 1.5 மில்லிகிராம்தான். அதே 100 வரம்பில் போட்டிருந்தால் 15 கிராம் தின்பண்டத்திலேயே அளவு நிரம்பிவிடும். ஒரு பெரிய மிட்டாயின் எடை.

ஒரு நாள் மிஞ்சினால் உடனே ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயுள் முழுவதற்குமான சராசரி இது, அதிலும் நிறையப் பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் குறித்திருக்கிறார்கள். ஆனால் எட்டு நிறங்களும் ஒன்றுபோல இல்லை என்பது தெளிவு. “செயற்கை நிறம் சேர்ந்தது” என்ற பொது வாசகத்தைவிட எண் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால் இதனால்தான்.

நிபுணர்களே ஒத்துப்போகாத இடமும் உண்டு. பான்சோ 4ஆர் சாயத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த குழு 4 என்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் 0.7 என்று இறக்கியது.

எந்தெந்த உணவில் செயற்கை நிறம் அறவே கூடாது?

எதில் சேர்க்கலாம் என்பதைச் சொல்வது எளிது: ஐஸ்கிரீம், நறுமணப் பால், பிஸ்கட், கேக், மிட்டாய், இனிப்பு வகைகள், ஜாம், ஜெல்லி, பழ ஸ்குவாஷ், சர்பத், குளிர்பானம், கஸ்டர்டு பவுடர் போன்றவை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், பருப்பு வகைகள் ஆகியவற்றில் கூடாது. ஓட்டலில் சமைக்கும் பிரியாணி, சிக்கன் 65, கோபி மஞ்சூரியன் ஆகியவற்றிலும் கூடாது. கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்துக்குத் தடை அறிவித்தபோது பலர் புதுச் சட்டம் என்று நினைத்தார்கள்.

சிக்கன் 65 சிவப்பாக இருக்க மிளகாய் போதும். அந்தச் சிவப்பு எண்ணெயில் சற்று மங்கும், கருக்கும். ஒளிரும் சிவப்பு வேறு ரகம்.

வீட்டில் கேசரிக்குப் போடும் கேசரிப் பவுடர்?

அதுவும் செயற்கை நிறம்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 110, சிலவற்றில் 102-ம் சேர்ந்திருக்கும். குங்குமப்பூவுக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே உறவு.

வீட்டுச் சமையலுக்கு யாரும் வந்து அபராதம் போடப் போவதில்லை. ஆனால் அளவைக் கவனியுங்கள். ஒரு கிலோ கேசரிக்கு 100 மில்லிகிராம் சாயம் என்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. தாராளக் கைக்காரரின் ஒரு சிட்டிகை இதைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கடையில் விற்கும் பொடியில் உப்பு போன்றவற்றைக் கலந்து சாயத்தை நீர்த்துப்போகச் செய்திருப்பார்கள் என்பதால் பல நேரம் தப்பித்துவிடுகிறோம். எத்தனை சதவீதம் சாயம் என்று போட்டிருக்கும் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கல்யாணச் சமையலில் மாஸ்டர் டப்பாவைச் சாய்க்கும் விதத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் அண்டாவோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தரும் நிறப்பொடியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அது உணவுக்கானதா துணிக்கானதா என்று அதை மடித்தவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

“இயற்கை நிறம்” என்று போட்டிருந்தால் செடியிலிருந்து எடுத்தது என்று நம்பலாமா?

முழுவதுமாக நம்ப முடியாது. மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் (100), ரிபோஃபிளேவின் (101), இலைப்பச்சையான குளோரோஃபில் (140), கேரமல் (150), பீட்டா கரோட்டின் (160ஏ), அன்னாட்டோ (160பி) ஆகியவை இயற்கை வகையில் வருகின்றன. ஆனால் நம் விதியின் வாசகமே, இவை இயற்கையிலிருந்து பிரித்தெடுத்தவையாக இருந்தாலும் செயற்கையாகத் தயாரித்தவையாக இருந்தாலும் இயற்கை நிற வகையிலேயே சேரும் என்கிறது. கேரட்டையே பார்த்திராத பீட்டா கரோட்டினும் “இயற்கை” என்ற பெயரோடு வரலாம்.

அதில் தீங்கு எதுவும் இல்லை, மூலக்கூறு அதேதான். சொல்லுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசுதான் யோசிக்க வேண்டியது. கோலா வகை பானங்களின் பழுப்பு நிறம் 150டி என்ற கேரமல். சர்க்கரையை அம்மோனியச் சேர்மங்களோடும் சல்ஃபைட்டோடும் சூடாக்கிச் செய்வது. வீட்டில் பாயசத்துக்குச் சர்க்கரையைக் கருக்குவதோடு அதை ஒப்பிட வேண்டாம்.

பச்சைப் புள்ளி இருந்தால் செயற்கை நிறம் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்பது சைவம் என்பதற்கு மட்டுமே அடையாளம். அந்த எட்டுச் சாயங்களும் சைவம்தான். அசைவத்துக்கு இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம். நிறங்களில் பூச்சியிலிருந்து எடுப்பது கார்மைன் (120); எட்டில் உள்ள இண்டிகோ கார்மைன் வேறு. அது செயற்கை நிறம் அல்ல, ஆனால் சைவமும் அல்ல. வெளிநாட்டு மிட்டாய் வாங்கும் சைவர்கள் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நிறங்களால் குழந்தைகள் துறுதுறுப்பாகிவிடுவார்கள் என்பது உண்மையா?

ஓரளவுக்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதுக் குழந்தைகளுக்கும் சில நிறங்களும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துக் கவனித்தார்கள். சராசரியில் அமைதியின்மை சற்றுக் கூடியது. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரி இல்லை, நிறங்களைக் கலந்து கொடுத்ததால் எது காரணம் என்று பிரிக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சுவரேறிக் குதிப்பதற்கெல்லாம் டார்ட்ராசினைக் குற்றம் சொல்ல இதை வைத்துக்கொண்டு முடியாது.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இதை லேபிளுக்குக் கொண்டுவந்தது. 2010 ஜூலை 20 முதல் 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்களில் எது இருந்தாலும், “குழந்தைகளின் செயல்பாட்டிலும் கவனத்திலும் பாதகமான விளைவை உண்டாக்கலாம்” என்ற வாசகத்தை அச்சிட வேண்டும். இப்படி ஒரு வரியைத் தன் பாக்கெட்டில் எந்த நிறுவனம் விரும்பும்? பலர் நிறத்தையே மாற்றிக்கொண்டார்கள். தடை போடாமல் ஒரே ஒரு வாக்கியம் செய்த வேலை அது. அந்த ஆறில் நான்கு (102, 110, 122, 124) இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. லேபிள் என்பது ஒரு தகவல் பலகை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துக்காட்டுவது.

டார்ட்ராசின் ஒவ்வாமை பற்றிச் சொல்கிறார்களே?

மிகச் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வருகின்றன. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கவனமாக இருப்பது நல்லது. சிங்கப்பூரில் டார்ட்ராசினை மட்டும் பெயராகவோ “நிறம் 102” என்றோ தனியாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு சிவப்பு நிறத்தைத் தடை செய்துவிட்டார்களாமே?

ஆம், நம் பட்டியலில் உள்ள எரித்ரோசின்தான் அது. அங்கே அதற்கு ரெட் 3 என்று பெயர். 2025 ஜனவரி 15 அன்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதியை ரத்துசெய்தது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி 15 வரை அவகாசம்.

காரணம் சுவாரசியமானது. அதிக அளவு கொடுத்த ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்தது. எலியில் அது உருவாகும் வழி மனிதனிடம் இல்லை என்று அந்த நிர்வாகமே சொல்கிறது. ஆனால் விலங்கிலோ மனிதனிலோ புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்தால் அனுமதிக்கவே கூடாது என்று 1960-இல் வந்த ஒரு சட்டப் பிரிவு அங்கே உண்டு. அதே காரணத்தைக் காட்டி உதட்டுச்சாயத்திலிருந்து 1990-இலேயே எடுத்துவிட்டார்கள். பூசிக்கொள்ளக் கூடாததை முப்பத்தைந்து ஆண்டுகள் தின்ன விட்டார்கள்.

ஐரோப்பா இதை நெடுங்காலமாகச் சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரிப் பழங்களுக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறது. மறுபுறம், நாம் அனுமதிக்கும் 122-ம் 124-ம் அமெரிக்காவில் உணவுக்குக் கிடையாது. நம் 143 ஐரோப்பாவில் கிடையாது. ஒரு நாடு தடுத்தால் எல்லாருக்கும் விஷம் என்றோ, ஒரு நாடு விட்டால் எல்லாருக்கும் அமுதம் என்றோ இந்த விஷயத்தில் முடிவுகட்ட முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் தந்த சாக்லேட்டில் எண்ணே இல்லை. எப்படிப் படிப்பது?

அமெரிக்கப் பாக்கெட் என்றால் நிறத்தின் பெயரோடு அவர்களுடைய வரிசை எண் இருக்கும். யெல்லோ 5 என்பது நம் 102. யெல்லோ 6 என்பது 110. ரெட் 3 என்பது 127. புளூ 1 என்பது 133, புளூ 2 என்பது 132, கிரீன் 3 என்பது 143. அங்கே அதிகம் புழங்கும் ரெட் 40 என்பது 129. நம் எட்டில் அது இல்லை.

பஞ்சுமிட்டாய் விவகாரம் லேபிள் பிரச்சினையா?

இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தார்கள். மாதிரிகளில் ரோடமின்-பி அகப்பட்டது. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. எந்த உணவிலும் எந்த அளவிலும் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே லேபிள் சரியாக இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. ரோடமின் என்று நேர்மையாக எழுதி விற்றிருந்தாலும் குற்றம்தான்.

கடற்கரையில் கம்பில் கட்டிய நெகிழிப் பைகளில் தொங்கும் அந்த ரோஜா நிறத்தை நினைத்துப் பாருங்கள். பையில் தயாரித்தவர் பெயர் உண்டா, உரிம எண் உண்டா, தேதி உண்டா? எதுவும் இருக்காது. லேபிளே இல்லாத இடத்தில்தான் இந்தச் சாயங்கள் குடியேறுகின்றன. பருப்பிலும் இனிப்பிலும் கலக்கும் மெட்டானில் மஞ்சளும், மிளகாய்த்தூளில் கலக்கும் சூடான் சாயங்களும் இதே ரகம்.

இனிப்புக் கடையில் தட்டில் வைத்து விற்கும் ஜாங்கிரிக்கும் லட்டுக்கும்?

உதிரி இனிப்புக்குப் பாக்கெட் லேபிள் விதி பொருந்தாது. எதுவரை சாப்பிடலாம் என்ற தேதியைத் தட்டருகே வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் உத்தரவு இருக்கிறது. எந்த நிறம் போட்டோம் என்பதை எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. அனுமதிக்கப்பட்ட நிறமும் 100 மில்லிகிராம் வரம்பும் உதிரிக்கும் பொருந்தும். அதே கடை அதே லட்டைப் பெட்டியில் அடைத்து ஒட்டி விற்றால் முழு விவரமும் வந்துவிட வேண்டும். தீபாவளிக்கு வாங்கும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

கொஞ்சம்தான். மஞ்சள்தூளை ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் தூவினால், நல்ல தூள் மெல்லிய மஞ்சள் விட்டு அடியில் தங்கும். சாயம் கலந்தது நீரையே அடர் மஞ்சளாக்கும். பச்சைப் பட்டாணியை அரை மணி நேரம் ஊறப்போட்டு நீர் பச்சையாகிறதா என்று பார்க்கலாம். நிறமே கூடாத பொருள்களுக்கு இந்தச் சோதனை உதவும்.

மிட்டாயை நீரில் கரைத்து “பாருங்கள், சாயம் போகிறது” என்று காட்டுவதில் அர்த்தமில்லை. அனுமதிக்கப்பட்ட சாயமும் நீரில் கரையும். எது 122, எது ரோடமின் என்று கண்ணால் பிரிக்க முடியாது. அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனைகளை வீட்டு அடுப்படியில் செய்ய வேண்டாம்.

“நிறம் சேர்க்கப்படவில்லை” என்று மிளகாய்த்தூள் பாக்கெட்டில் பெருமையாகப் போடுகிறார்களே?

சேர்த்தால் குற்றம். சேர்க்காததற்கு என்ன பெருமை?

ஆன்லைனில் வாங்கும்போது?

பாக்கெட்டில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களை, விற்பதற்கு முன்பே இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும். தொகுதி எண், தேதி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பின்பக்கப் படம் இல்லாமல் முன்பக்கப் படத்தை ஐந்து கோணத்தில் போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

நிறத்தைச் சொல்லாமல் மறைத்தால் என்ன தண்டனை?

செயற்கை நிறம் சேர்த்துவிட்டு அதை அறிவிக்காத பாக்கெட், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான லேபிள் கொண்ட உணவு. 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதி இல்லாத சாயம் என்றால் கதை வேறு. அது பாதுகாப்பற்ற உணவு, சிறைத் தண்டனை உண்டு. உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

மாவட்டந்தோறும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் “ஃபுட் சேஃப்டி கனெக்ட்” செயலியிலும் படத்தோடு புகார் பதியலாம். பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உரிம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அது வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன.

பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு முறை நான் பச்சை நிறக் கேக் ஒன்றைப் பற்றிப் புகார் சொல்லக் கிளம்பினேன். லேபிளில் நிறம் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் வீட்டில் கேக் காலி. உறையும் குப்பை வண்டியில் போய்விட்டது. கையில் இருந்த ஒரே சான்று என் மருமகனின் பச்சை நாக்கு.